கீர்த்தி கல்யாணத்தன்று உறைந்த தண்ணீர்

1

என் காதில் தப்பாக விழுந்த ஒரு வார்த்தைதான் இந்தக் கதைக்கு மூலம். உத்திரமேரூரில் பஸ் ஸ்டாண்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு மண்டபம். தை மாதக் கல்யாணம். நான் டிபன் பந்தியில் இரண்டாவது வடைக்காகக் காத்திருந்தேன். கை கழுவுகிற இடத்தில், மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் ஒரு பெண் போனில் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஐஸ் ஆயிடுச்சா? முழுசா ஆயிடுச்சா?"

எங்கள் பக்கத்தில் 'ஆயிடுச்சு' என்றால் தீர்ந்துவிட்டது என்றும் பொருள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே ஐஸ்கிரீம் தீர்ந்துவிட்டதா என்று நான் பதறி எழுந்தேன். வடை வந்தபோது என் இலைக்கு முன்னால் நான் இல்லை. இந்தக் கதைக்காக நான் செய்த தியாகம் அது ஒன்றுதான்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"மார்கழிப் பனி உத்திரமேரூரின் மீது வெண்பட்டாய் இறங்கிய அந்தக் காலையில், மணமேடையில்..."

என் மனைவி ஸ்ரீவித்யா படித்துவிட்டு, "மார்கழில யாராவது கல்யாணம் வைப்பாளா?" என்றாள். அடித்துவிட்டேன். (வெண்பட்டையும் சேர்த்து. எங்கள் ஊர்க் குளிருக்கு மப்ளர் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் கழுத்து வேர்க்கும்.)

அடுத்தது: "லேசர் கட்டர் என்பது ஒளிக்கற்றையால் மரப்பலகை, அக்ரிலிக் முதலியவற்றை வெட்டும் ஓர் இயந்திரம். அதன் உள்ளே..."

இதைக் கேட்டுக்கொண்டே அவள் தூங்கிப்போனாள். ஆனால் இந்த விஷயம் தெரியாமல் கதை நகராது. அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தூங்காதீர்கள்.

இயந்திரத்துக்குள் ஒரு நீளமான கண்ணாடிக் குழாய். வேலை செய்யும்போது அது சூடாகும். ஒரு வாளித் தண்ணீரைச் சின்ன மோட்டார் இறைத்துக் குழாயைச் சுற்றி ஓடவிட்டு, மறுபடி வாளிக்கே கொண்டுவரும். நம் ஊரில் கவலையில்லை. குளிர் தேசத்தில் அந்தத் தண்ணீர் குழாய்க்குள்ளேயே உறைந்தால் புடைக்கும், கண்ணாடி பிளந்துவிடும். அவ்வளவுதான் விஞ்ஞானம்.

3

போனில் கத்தியவள் கல்பனா. மணப்பெண் கீர்த்திக்கு அண்ணி. கீர்த்தியின் அண்ணன் தாமோதரன், கல்பனாவின் புருஷன், கனடாவில் வின்னிபெக் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். தங்கை கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தான். கல்யாணம் ஆனதிலிருந்து "இன்னும் ஒரே ஒரு வருஷம்" என்று சொல்லியே அங்கே போய்க்கொண்டிருப்பவன்.

அங்கே வாடகை வீட்டு கராஜில் அவன் ஆசைக்கு வாங்கிப் போட்டதுதான் அந்த லேசர் இயந்திரம். லீவு நாளில் பலகையில் யானை, பஸ், கடிகாரம் என்று எதையாவது வெட்டிக்கொண்டிருப்பான். கல்பனா அதற்கு வைத்த பெயர் 'சின்ன வூடு'.

கிளம்பும்போது கராஜில் ஒரு ஹீட்டரைப் போட்டு, மோட்டாரும் ஓடட்டும் என்று விட்டுவிட்டு வந்திருக்கிறான். ஓடுகிற தண்ணீர் சீக்கிரம் உறையாது என்பது கணக்கு. கல்யாணக் காலையில், அதாவது அங்கே முந்தின நாள் சாயங்காலத்தில், ஹீட்டர் புகைந்து கராஜில் கரண்ட் போய்விட்டது. மெயின் சுவிட்ச் வீட்டுக்காரரின் அறையில். அவர் பூட்டிக்கொண்டு எங்கோ வெயில் தேடிப் போயிருந்தார். வெளியே மைனஸ் முப்பது.

இதைப் பார்த்துப் போன் செய்தவர் ஞானதாஸ்.* செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர், தாமோதரனோடு தங்கியிருக்கும் ஆஸ்பத்திரி நர்ஸ். தாமோதரனோ மேடையில், பொரித் தட்டோடு. தாலி ஏறியதும் தங்கை கையில் பொரி போட வேண்டியவன் அவன். அவன் போன் கல்பனாவிடம் இருந்தது.

* ஞானதாஸை முதல் பிரதியில் ஒரு கோமாளியாக எழுதியிருந்தேன். அவர் பாவம், ஊசி போடுகிற கை. ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாதது குற்றமா? திருத்திவிட்டேன். கொஞ்சம்தான் திருத்தினேன்.

4

இனி வருவது கல்பனா எனக்குச் சொன்னது. "எய்திக்கோங்க சார், ஆனா என்ன அய வெச்சிடாதீங்க" என்று, கதையில் அவளை அழவைக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு.

"அண்ணி, அண்ணனக் கூப்புடுங்க. வாளியில மேல பூரா ஏடு கட்டிடுச்சி" என்றார் ஞானதாஸ்.

"ஐஸ் ஆயிடுச்சா? முழுசா ஆயிடுச்சா? அவரு மேடையில கீறாரு தம்பி. நீ வீடியோவப் போடு, நான் பாக்கறேன்."

வீடியோ வந்தது. டார்ச் வெளிச்சத்தில் கராஜ். ஞானதாஸின் மூச்சு புகையாகப் போனது. நடுவில் இயந்திரம். அதன் மேல் சிவப்புக் கட்டம் போட்ட ஒரு கம்பளி, சுற்றிச் சுற்றி, நாலு பக்கமும் கயிறு கட்டி.

கல்பனா அந்தக் கம்பளியைக் காஞ்சிபுரத்தில் கடை கடையாக ஏறித் தேடி வாங்கி, தாமோதரனுக்குப் பார்சலில் அனுப்பியிருந்தாள். "போத்திக்கினு தூங்கறேன்" என்று அவனும் சொல்லியிருந்தான்.

"அது இன்னாது அதுமேல?"

"கம்பளி அண்ணி. குளுரு தாங்கட்டும்னு அண்ணன் சுத்தி வெச்சாரு."

"அப்ப அவரு இன்னாத்தப் போத்திக்கறாரு?"

"அவரு... ஜாக்கெட்டோட படுத்துப்பாரு."

(இந்த இடத்தில் "அவள் நெஞ்சில் ஆயிரம் சம்மட்டிகள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். கல்பனா பிரதியைப் படித்துவிட்டு, "சம்மட்டியெல்லாம் இல்ல சார், செம கோவம்" என்றாள்.)

அவள் சொன்னது இதுதான்:

"வுட்டுடு தம்பி. ஒடையட்டும்."

5

இங்கே நான் பல நாள் மாட்டிக்கொண்டேன். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குப் புரிந்தது. அந்தக் குழாய் உடைந்தால் அங்கே அவனுக்கு என்ன மிச்சம்? தொழிற்சாலையும் பனியும்தான். அடுத்த வருஷம் தானாக வந்துவிடுவான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சும்மா இருந்தாலே போதும். யாரும் அவளைக் குறை சொல்ல முடியாது.

எனக்குப் புரியாதது அதற்கடுத்த நிமிஷம்.

ஞானதாஸ் போனை வைக்கவில்லை. கொஞ்ச நேரம் அவர் பல் தந்தியடிக்கிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு, "அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. போன குளுருல அண்ணன் யாராண்டயும் பேசறதில்ல. சாப்புடறதில்ல. லைட்டப் போடாம ஒக்காந்துகினு இருந்தாரு. இது வந்தப்பறம்தான் சிரிச்சாரு" என்றார்.

நாயனம் வேகம் பிடித்தது. கல்பனா கதவு வழியாக மேடையைப் பார்த்தாள். தாமோதரன் தட்டோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். போனை அவள் பிடித்திருந்த விதத்திலேயே ஏதோ ஆகிவிட்டது என்று கண்டுகொண்டவனாக.

அவள் மனம் மாறியதற்கு நான் மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். அன்பு, பயம், அவன் வேட்டி நழுவிக்கொண்டிருந்தது. கல்பனா எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "மாறல சார். கோவம் அப்பிடியே தான் இருந்துது. அதோடயே செஞ்சேன்" என்றாள்.

சரி.

6

மேளச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. கல்பனா எச்சில் இலைத் தொட்டிகளைத் தாண்டி மண்டபத்துக்குள் ஓடி, நாற்காலிகளுக்கு நடுவே நின்று, வாளி தெரிகிற போனை அவன் பக்கம் தூக்கிக் காட்டி, கையால் கேட்டாள்: இன்னா பண்றது?

தாமோதரன் மடியில் தட்டை வைத்தான். இரண்டு கையாலும் எதையோ தூக்கிச் சாய்ப்பதுபோலக் காட்டினான். பிறகு கன்னம் இரண்டையும் உப்பி ஊதினான்.

ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். மாப்பிள்ளைக்குத் தன்னைக் கேலி செய்கிறானோ என்று சந்தேகம். வீடியோக்காரர் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்துக் கிட்டே போய்ப் பிடித்தார்.*

"தம்பி, வாளியிலேர்ந்து பைப்ப உருவு. மெசினை ஒரு பக்கமா சாச்சிட்டு வாய வெச்சி ஊதணுமாம்."

"வாயாலயா?"

"பின்ன, மூக்காலயா ஊதுவாங்க? ஊது!"

ஞானதாஸ் ஊதினார். முதலில் ஒன்றும் வரவில்லை. மறுபடி ஊதினார். குழாய்க்குள் கறகறவென்று ஏதோ நகர்ந்தது. நுங்கைக் கரைத்தது மாதிரி அரைகுறையாய் உறைந்த தண்ணீர் மறுமுனையில் வெளியே வந்து அவர் பேன்ட்டில் கொட்டியது. "ஐயோ யம்மா" என்று குதித்தார். "இன்னும் கீதான்னு பாரு, இன்னும் ஊது" என்று கல்பனா கத்தினாள். மண்டபத்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த நேரம் ஐயர் கையைத் தூக்க, கெட்டிமேளம் கொட்டியது. எல்லோரும் அட்சதை போட்டார்கள். கல்பனா ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையால் நாத்தனாரை நோக்கி அட்சதையை வீசினாள்.

மேளம் அடங்கியதும் ஞானதாஸ் சொன்னார்: "எல்லாம் வந்துடுச்சி அண்ணி. ஆனா கடசியா டிக்குனு ஒரு சத்தம் கேட்டுது. ஐஸு ஒடஞ்சதா கொயாய் ஒடஞ்சதான்னு தெர்ல."

* கீர்த்தியின் கல்யாண வீடியோவில் அது இப்போதும் இருக்கிறது. பின்னணியில் பாட்டும் சேர்த்திருக்கிறார்கள்.

7

வெறும் குழாயைப் பார்த்து விரிசல் இருக்கிறதா என்று சொல்ல முடியாதாம். மறுபடி தண்ணீர் ஊற்றினால்தான் தெரியும். தாமோதரன் பொரி போட்டுவிட்டு மேடையிலிருந்து இறங்கி வந்து, "இன்னா ஆச்சி?" என்று கேட்டபோது கல்பனா, "ஊதியாச்சி. ஜாக்கெட்டோட படுக்கறியாமே?" என்றாள். அவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அவள் அழவில்லை. (வாக்கைக் காப்பாற்றிவிட்டேன்.)

நான் எழுதிய முடிவுகளில் ஒன்றில் தாமோதரன் டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறான். "டிக்கெட்டு போன்ல கீது சார், எப்பிடிக் கிழிப்பாரு?" என்றாள் கல்பனா. இன்னொன்றில் அவள் அவனோடு விமானம் ஏறுகிறாள். "விசா யாரு, நீங்க குடுக்கறீங்களா?" என்றாள். முடிவு எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு வாசகி வாய்க்கக் கூடாது.

நடந்தது இது. அவன் போனான். வீட்டுக்காரர் திரும்பிவந்து மெயினைப் போட்டார், புது ஹீட்டர் வந்தது. கராஜ் சூடானபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமோதரன் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்துக்கொண்டு கல்பனாவைக் கூப்பிட்டான். கேமராவைக் குழாய்ப் பக்கம் திருப்பி வைத்தான்.

"ஊத்தட்டுமா?"

கல்பனா கொல்லையில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள்.

"இப்ப வேணாம். கேமராவ உன் பக்கம் திருப்பு. போன குளுருல இன்னா ஆச்சி, அத மொதல்ல சொல்லு. அப்பறம் ஊத்து."

அவன் கேமராவைத் தன் பக்கம் திருப்பினான். பிறகு சொல்ல ஆரம்பித்தான்.

அதற்குப் பிறகு குழாய் என்ன ஆனது என்று கல்பனாவுக்குத் தெரியும். எனக்கும் சொன்னாள். ஆனால் எழுத உட்கார்ந்தபோது, அவர்கள் பேசிக்கொண்டிருக்கிற நடுவில் போய் நான் தண்ணீர் ஊற்றுவது அவ்வளவு நன்றாக இல்லை என்று பட்டது. வாளி அங்கேயேதான் இருக்கிறது. அவசரப்படுகிறவர்கள் நீங்களே எடுத்து ஊற்றிக்கொள்ளுங்கள். கொஞ்சம் மெதுவாக, அவன் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.