ஒரு விளிப்பாடு தூரம்

நேசம்மாளுக்கு இடது கால் யானைக்கால். ரெண்டாவது பிள்ளை பிறந்த பிறகு குளிரும் காய்ச்சலுமாக வந்து வந்து, முழங்காலுக்குக் கீழே உரல் கணக்காக வீங்கி நின்றுவிட்டது. ஊரில் அதற்கு மந்து என்று பேர். காலைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலை கிடையாது. மெதுவாக நடக்கும், சந்தைக்குப் போய் வரும். கவலையெல்லாம் புருஷன் ரசலையனைப் பற்றித்தான்.

ஆம்பிளை முன்னால் போக, பெண்டாட்டி பின்னால் போவது வெள்ளிச்சந்தைப் பக்கத்து வழக்கம், சரி. ஆனால் ரசலையன் போகிற போக்கு எந்த ஊர் வழக்கத்திலும் சேராது. கோயிலுக்கானாலும் கல்யாண வீட்டுக்கானாலும் ஒரு விளிப்பாடு தூரம் முன்னால் போய்விடுவான். இவள் தொண்டை கிழிய விளித்தால் அவன் காதில் விழும், அவ்வளவு தூரம். பார்க்கிறவனால் இருவரையும் முடிச்சுப் போடவே முடியாது. யாராவது கேட்டால், "அவளுக்கு சொகமில்லை" என்பான். மந்து என்ற சொல் அவன் வாயில் வந்ததேயில்லை. கருப்பட்டிக் கடையில் நாள் முழுக்க வாய் ஓயாத மனுஷன்!

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்று ஏழு, பங்குனி மாசம். ஈஸ்டருக்கு மறுநாள் சபையார் எல்லாரும் முட்டம் பாறைக்கு நடந்துபோய்க் கடல் பார்ப்பது என்று லீலாபாய் டீச்சர் ஏற்பாடு செய்தாள். நடக்கத் தெரிந்த யாரும் வரலாம், கம்பு ஊன்றியும் வரலாம். ஒரே ஒரு சட்டம்தான். "யாரும் விளிப்பாடு தூரத்தைத் தாண்டப்பிடாது. பின்னால வாறவங்க விளிச்சா, முன்னால போறவங்க நிக்கணும்" என்றாள் டீச்சர்.

நேசம்மாளுக்கு ஆசை பிடித்துக்கொண்டது. கடலை அவள் பார்க்காதவளா? அவள் ஆசை வேறு. காலையில் சோற்றுப்பொதி கட்டும்போது கேட்டேவிட்டாள்.

"இன்னைக்கு ஒரு நாளு எனக்ககூட சேந்து நடப்பியளா?"

"பாப்போம்" என்றான் ரசலையன்.

பார்த்த லட்சணம், ஊர் எல்லை தாண்டுமுன் தெரிந்துவிட்டது. ரசலையனுக்கு நல்ல சாரீரம். கீர்த்தனையை அவன் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடினார்கள். பாட்டுக்குத் தக்க நடை, நடைக்குத் தக்க பாட்டு என்று கூட்டம் பறந்தது. நேசம்மாளோடு கொஞ்ச தூரம் வந்த டீச்சரும் முன்னால் பிள்ளைகள் சண்டை பிடிக்கிறார்கள் என்று போய்விட்டாள். பனங்காட்டுக்குள் வழி ரெண்டாகப் பிரிகிற இடத்தில் நேசம்மாள் நின்றாள். வலது பக்கம் வள்ளியாற்றங்கரை. நேரே செம்மண் மேடு; கால் புதைகிற மணல், ஏற்றம் வேறு.

"கூய்...!" என்று விளித்தாள்.

மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பாட்டுதான் கேட்டது. மறுபடி விளித்தாள். பாட்டு இன்னும் உச்சத்துக்குப் போனது. உச்சத்தில் நின்றது ரசலையன் குரல். தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. பாடு, நல்லா பாடு, கர்த்தர் கேக்கட்டும், பெண்டாட்டி விளிச்சது மட்டும் கேக்காண்டாம்!

அப்போதுதான் கடியபட்டணத்து வியாகுலம்மாள், மீன் விற்றுத் தீர்ந்த கூடையோடு வந்தாள். வாரா வாரம் நேசம்மாளுக்குச் சாளை கொடுக்கிறவள்.

"ஏட்டி, இந்த மேட்டுல ஏறவா போற? ஆத்தங்கரை வழி வா. சமதரை, நெடுக நிழலு. எங்க கடலும் அதே உப்புதான்."

அந்த வழி நேசம்மாளின் காலுக்கென்றே போட்டது போலிருந்தது. தாழம்புதர், கைதொடும் தூரத்தில் ஆறு, இளைத்த இடத்தில் உட்காரத் தென்னை நிழல். வியாகுலம்மாள் ஊர்வம்பு பேசிக்கொண்டு கூடவே நடந்தாள். இவள் நின்றால் நின்றாள். கூட நடப்பதென்றால் இவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள் நேசம்மாள்.

கடியபட்டணம் கரையில் காலை அலைக்குள் விட்டு நின்றாள். கால் குளிர்ந்தது. பிறகு கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தாள். வியாகுலம்மாள் கஞ்சி எடுக்க வீட்டுக்குப் போனாள்.

கஞ்சி வருமுன் ரசலையனின் சத்தம் வந்தது. "நேசம்மா! நேசம்மோ!" முட்டத்தில் ஆளைக் காணாமல், வந்த வழியே திரும்பி ஓடி, மீன்காரியோடு ஒருத்தி போனாள் என்று பனையேறி யாரோ சொல்லி வந்திருக்கிறான். பாடின குரல் கம்மிப்போயிருந்தது. நேசம்மாள் வாய் திறக்கவில்லை. விளிக்கட்டும், விளிச்சுப் பாக்கட்டும்.

வள்ளத்துக்கு அந்தப் பக்கம் கிழிந்த வலை பொத்துகிறவர்களிடம் போய் நின்றான். "மக்கா, ஒரு பெண்ணு இந்த வழி வந்தாளா?"

"எத்தனையோ பெண்ணு வருது ஓய். அடையாளம் சொல்லும்."

"வெள்ளைச் சட்டை. நீலக்கரைச் சேலை."

"ஈஸ்டருக்கு எல்லாவளும் வெள்ளைச் சட்டைதான். வேற?"

"கொஞ்சம் உயரம். மாநிறம்..."

"இப்படிச் சொன்னா விடிஞ்ச மாதிரிதான். ஆளுக்கு ஒரு அடையாளமும் இல்லியா?"

ரசலையன் கடலைப் பார்த்தான். வள்ளத்துக்கு இப்பால் நேசம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வலைக்காரன் மறுபடி ஊசியை எடுத்தான்.

"ஆத்துல கீத்துல விழுந்திருப்பாளோ என்னவோ. ஆறு கடலுல சேருத பொழிப்பக்கம் போய்ப் பாரும்" என்றான் இன்னொருத்தன்.

"மந்துக்காலு!" என்று ரசலையன் கத்தினான். கரை முழுக்கக் கேட்டது. "இடது காலு மந்து! எனக்க பெண்டாட்டி ஓய், எனக்க பெண்டாட்டி!" சொல்லும்போதே உடைந்து அழுதான்.

"அட, அத முதல்லயே சொல்லப்பிடாதா? அந்தா, வள்ளத்துக்கு அந்தால இருக்கா."

சுற்றி வந்தான். தலையெல்லாம் மணல், வேட்டி முழங்காலுக்கு மேலே.

"விளிச்சேனே, கேக்கலியா?" என்றான்.

"கேட்டுது. இப்ப சொன்னதுதான் நல்லா கேட்டுது" என்றாள். "கையக் குடுங்க, எழும்பணும்."

வலைக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ரசலையன் அவர்களை ஒருதரம் பார்த்தான். பிறகு குனிந்து, ஒரு கையை அவள் கையிலும் ஒரு கையை அந்தக் காலுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கிவிட்டான். மந்து வந்த பிறகு அந்தக் காலை அவன் தொட்டது அன்றைக்குத்தான்.