ஏழு பேர் சுட்டிக்காட்டியது

இரண்டாவது தோசையைத் தட்டில் போட்டபோது உமர் கைபேசியிலிருந்து தலையை எடுக்காமலே, "பானு, என்ர கட்டுரைய ஏழு பேரு சுட்டிக்காட்டியிருக்காங்க" என்றார்.

நான் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். பதினாறு வருடமாக ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்ட இடம் என்று எங்கே குறை கண்டாலும் அந்த இடத்தைக் காட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுகிறேன். எங்கள் மேசையில் சுட்டிக்காட்டுவது என்றால் அது ஒன்றுதான்.

"ஏழு எடத்துலயா? ஒரு பீஸுல ஏழு டேமேஜ் இருந்தா பிரிச்சுத் தைக்கக்கூட எடுக்க மாட்டாங்களேங்க."

உமர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். "கட்டுரையப் போட்ட எடிட்டரே உன்னையாட்டக் கேட்டதில்ல."

"சிரிக்காதீங்க. அடுத்ததையாவது ஒழுங்கா எழுதுங்க."

"சரிங்க மேடம்" என்று தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கல்லூரிக்குப் பாடம் எடுக்கக் கிளம்பினார். அவிநாசிபாளையம் தாண்டி லாரி மோதியது. பத்தரை மணிக்குச் சூப்பர்வைசர் மருதாளக்கா வந்து, என் மேசை விளக்கை அணைத்து, "எந்திரி கண்ணு" என்றார்.

கணவரை இழந்தவள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் மூன்றாவது மாதம், உமரோடு கல்லூரியில் வேலை பார்த்த வேல்விழி அவருடைய புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். தென்காசிப் பக்கத்துப் பெண். எதையாவது பேச வேண்டுமே என்று அந்த ஏழு குறைகளைப் பற்றிக் கேட்டேன்.

"குறையா? ஐயோ அக்கா, சார் கண்டுபிடிச்சத நம்பி, அவுக பேரப் போட்டு, மத்தவங்க எழுதுறதுதான் அது. பெருமையில்லா!"

சாயக் கழிவுநீர் பற்றிய கட்டுரை அது. பதவி உயர்வுக் கமிட்டி அதை ஏற்கவில்லை என்பது மட்டும் எனக்குத் தெரியும். காரணத்தை வேல்விழி சொன்னாள்.

"பத்திரிகைக்குன்னு ஒரு நம்பர் உண்டுக்கா. அதுல வர்ற கட்டுரைகள சராசரியா எத்தன பேரு காட்டுறாங்கன்னு. சார் எழுதுன பத்திரிகைக்கு அரைகூட இல்ல. அதனால கமிட்டில சாரோடதப் படிச்சே பாக்கல."

"அரை வர்ற எடத்துல இவருக்கு ஏழா?"

"அந்த ஏழுல ஒருத்தரு சார் கணக்கு தப்புன்னுதான் எழுதியிருக்காரு. திட்டுனாலும் ஒண்ணுன்னுதான் எண்ணுவாங்க."

ஏழில் ஓர் அம்பாவது நான் சொன்ன, குறை காட்டும் அம்பு. சிரித்துவிட்டேன். வேல்விழி பயந்து போய்த் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

எனக்குப் புரியாத விஷயமில்லை. சரக்கு வாங்கும் பையரின் ஆள் வந்து, பெட்டிகளில் சில பீஸ்களை மட்டும் உருவிப் பார்ப்பான். அவை மோசம் என்றால் லாட் முழுவதும் ரிஜெக்ட். நான் திருப்பித் திருப்பிப் பார்த்து ஓர் அம்பும் ஒட்டாமல் விட்ட பீஸும் அதோடு போகும். அப்படிப் போன நாட்களில் வீட்டுக்கு வந்து புலம்பியிருக்கிறேன். சோறு ஆறிப்போகும்வரை உமர் கேட்டுக்கொண்டிருப்பார். அவர் ஒரு நாள் சொல்ல வந்தபோது நான் திருத்தி அனுப்பினேன். எனக்கு வெட்கமாகிவிடும் என்று விளக்காமல் போனாரா, நேரமாகிவிட்டதா என்று தெரியவில்லை.

மாதம் ஒருமுறை அந்தக் கட்டுரையைக் கைபேசியில் திறக்கிறேன். ஏழு இப்போது பதினொன்று. முதல் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், சந்தேகங்களுக்கு இவரைத் தொடர்புகொள்ளவும் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்கு நேரே உமரின் மின்னஞ்சல் முகவரி.