பல்கனியை நிறைத்த பில்டர்கள்

தண்ணீர் பில்டரின் பழைய உருளையை எந்தக் குப்பை வண்டியில் போடுவது என்பது சந்திரகுமாருக்குப் பிடிபடவேயில்லை.

உள்ளே கரி, வெளியே பிளாஸ்டிக். கரியின் நுண்துளைகளில் தண்ணீரின் மணமும் அழுக்கும் ஒட்டிக்கொள்ளும். துளைகள் நிரம்பினால் உருளையின் வேலை முடிந்தது. முனைகளை உருக்கி ஒட்டியிருந்ததால் கரியைக் கொட்ட வழியில்லை. பிளாஸ்டிக் எடுக்கும் வண்டி உள்ளே கரி என்று திருப்பியது. மற்ற வண்டி வெளியே பிளாஸ்டிக் என்று திருப்பியது.

"கொம்பனியோட நான் கதைக்கிறன்" என்று ஒருநாள் படிக்கட்டில் சொல்லிவிட்டார். அதுதான் பிழை. அந்த வெள்ளவத்தைத் தொடர்மாடியில் இருந்தவர்கள் எல்லாம் தங்கள் உருளைகளையும் அவர் கதவடியில் வைத்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் மணி அடிக்கவில்லை.

உருளைகள் பல்கனியை நிறைக்க, கதிரை உள்ளே வந்தது. மனைவி மகளின் பிள்ளைப்பேற்றுக்குக் கனடா போய் இன்னும் திரும்பவில்லை. பின்னேரம் பல்கனியில் இருந்தால், எதிர்மாடி ஜவாஹிறா உடுப்பெடுக்க வந்து, "என்ன அங்கிள், தேத்தண்ணி குடிச்சாச்சா?" என்பாள். நாள் முழுக்க அவரிடம் யாரும் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான். கதிரையோடு அதுவும் போயிற்று.

பில்டர் கொம்பனிக்குப் போன் எடுத்து, பழையதைத் திருப்பி எடுக்கச் சொன்னார். ஆரணி என்ற பெண் பேசினாள்.

"வித்தாப் பிறகு அது உங்கட பொருள்தானே, அங்கிள்?"

"திறக்க ஏலாமல் ஒட்டினது நீங்களெல்லோ, பிள்ளை?"

"மேலிடத்துக்குச் சொல்லுறன்."

அவள் வைத்த பிறகும் கொஞ்சநேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

மறுநாள் சமையல் காஸ் வந்தது. கொண்டுவந்தவன் வெறும் சிலிண்டரை வாங்கிக்கொண்டே புதியதை வைத்தான். சந்திரகுமார் வாசலிலேயே நின்று யோசித்தார். சிலிண்டர் கொம்பனிக்கு வேண்டும். அதனால் திரும்பிப் போகிறது. பழைய உருளை பில்டர் கொம்பனிக்கு வேண்டாம். ஆனால் புதியதை விற்க வேண்டுமே!

கதவு கதவாகத் தட்டி, பழையதை எடுக்கும்வரை ஒருவரும் புதியதை வாங்கவேண்டாம் என்றார். சிலர் சங்கிலியைக் கழற்றாமலே கேட்டார்கள்.

"ஓம், நாங்கள் கொதிக்கவைச்சுக் குடிப்பம்" என்றது ஒரு குரல்.

உருளை கொண்டுவரும் நப்ரீஸ் மூச்சுவாங்க ஏறிவந்தான். "என்ன அங்கிள், முழு பில்டிங்கும் ஸ்ட்ரைக்கா? பழச எடுக்க எங்களுக்கு ஓடர் இல்ல."

"அப்ப புதுசையும் கொண்டுபோங்கோ, தம்பி."

நப்ரீஸ் தலையைச் சொறிந்துகொண்டு அலுவலகத்துக்கு எடுத்தான். நெடுநேரம் கதைத்தான். பிறகு கீழே போய்ச் சாக்கு எடுத்துவந்து, பல்கனியில் கிடந்தவற்றை அள்ளினான்.

அந்தத் தொடர்மாடியில் இப்போது நடைமுறை இதுதான்: கொம்பனி பழைய உருளையை வாங்கிச் சாக்கில் போட்ட பிறகே, வீட்டுக்காரர் புதியதைக் கையில் வாங்குவார்.