பையிலிருந்து விழுந்த குட்டி

மிருகக்காட்சிசாலையில் அவருக்கு மான்காரர் என்று பெயர். தலை நரைக்கும் வரை மான்களோடு இருந்தவர். கங்காரு பக்கம் மாற்றிய பிறகும் பட்டப்பெயர் மாறவில்லை. வீட்டில் மனைவி மட்டும் "ஏங்க" என்பாள். அது எந்த மிருகத்துக்கும் பொருந்தும்.

அன்று காலை பனி விலகவில்லை. புல் வெட்டும் மெஷினை அவருடைய மச்சினன் வேலியோரம் ஓட்டிக்கொண்டு வந்தான். அது திடீரென்று வெடிபோல் சத்தம் போட, தாய்க் கங்காரு மிரண்டு ஒரே ஓட்டமாக மூலைக்குப் போய்விட்டது. போன வழியில், ஈரப் புல்லில், உள்ளங்கை நீளத்துக்குச் சிவப்பாக ஒன்று கிடந்தது. முடி இல்லை, கண் திறக்கவில்லை.

"மாமா, பையிலேர்ந்து குட்டி விழுந்துடுச்சு. எடுக்கட்டுமா?"

"தொட்டா கையை ஒடிச்சிடுவேன். ஆள் நின்னா தாய் வராது. மெஷினை அணைச்சிட்டு இப்படி வா. தானா வந்து எடுத்துக்குவா."

"அவ அங்க நின்னு இலை மென்னுகிட்டு இருக்கா மாமா."

"உங்க அக்கா மாதிரிதான். படபடப்பு அடங்கினா வருவா."

அவரையும் குற்றம் சொல்ல முடியாது, கண்ணுகளா. மான் வயிற்றுக்குள்ளேயே நஞ்சுக்கொடி வழியாக ஊட்டி, குட்டியை முழுசாக முடித்துத்தான் வெளியே விடும். பிறந்த அன்றே அது எழுந்து நிற்கும். அதைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத் தாய் மேயப் போகும், வரும். இடையில் யாரும் கிட்டே போகாமல் இருந்தால் போதும். ஆயுசு முழுக்க அவர் பார்த்தது அதுதான். அதனால் வருகிறவர் போகிறவரையெல்லாம் வாயில் விரல் வைத்து நிறுத்திவிட்டார்.

மிருகங்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா வந்தபோது வேலிக்கு வெளியே ஒரு சின்னக் கூட்டமே பூனைபோல் நின்றது.

"என்ன அண்ணே, யாருக்கு மௌன அஞ்சலி?"

"சத்தம் போடாதீங்கம்மா. குட்டி கீழே இருக்கு. தாய் வர்ற நேரம்."

டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு ஓடினார். குட்டியை எடுத்து வந்து மான்காரர் கையில் திணித்தார்.

"சட்டைக்குள்ள விடுங்க. நெஞ்சோட ஒட்டி. ஜில்லுனு ஆயிடுச்சு பாருங்க. அவ வரமாட்டா அண்ணே. கீழே விழுந்ததை எடுக்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. இது பிறந்தப்போ அவரைக்கொட்டை அளவு. அவ தூக்கி விடல. அதுவா முன்கையால முடியைப் பிடிச்சு ஏறிப் பைக்குள்ள போயிருக்கு. மான் வயித்துக்குள்ள முடிக்கிறதை இவ பைக்குள்ள முடிக்கிறா. இது இன்னும் பாதிதான் ஆகியிருக்கு."

அந்தப் பச்சை மண் மான்காரர் நெஞ்சில் அசையாமல் கிடந்தது. சட்டைக்கு மேல் இரண்டு கையையும் பொத்திக்கொண்டு, மூச்சைக்கூடப் பார்த்துப் பார்த்து விட்டார். தாய்க்கு மயக்க ஊசி போட்டுக் கிடத்துவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது.

"மாமா, உசிரு இருக்கா?" என்றான் மச்சினன். இப்போது கேலி இல்லை.

"முன்கை கீறுது," என்றார் அவர்.

பைக்குள் நான்கு காம்பு. அதில் ஒன்று மட்டும் நீண்டு தொங்கியது. குட்டி சப்பிக்கொண்டிருந்த காம்பு. டாக்டரம்மா அதன் நுனியைச் சின்ன வாய்க்குள் நுழைக்கப் பார்த்தார். வழுக்கியது. மறுபடி வழுக்கியது. மூன்றாம் தடவை வாய் காம்பைக் கவ்வி மூடிக்கொண்டது. குட்டி மறுபடி விழாதபடி பை வாயைப் பிளாஸ்திரியால் ஒட்டினார்கள்.

"பிடிச்சுக்குமா?" என்றார் மான்காரர்.

"நாளைக்குத்தான் தெரியும்."

மறுநாள் பிளாஸ்திரியைப் பிரித்து டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். லேசாக இழுத்தும் பார்த்தார். காம்பு வாய்க்குள் உப்பிப் போய்ப் பூட்டுப் போட்டதுபோல் இருந்தது.

"உங்க ஆளு கெட்டியா பிடிச்சிருக்கான் அண்ணே. இனிமே இவ மிரண்டு ஓடினா என்ன பண்ணுவீங்க?"

"அவளை அப்புறம் பார்ப்பேன். முதல்ல தரையைப் பார்ப்பேன்," என்றார் மான்காரர். பிறகு மச்சினனைத் தேடிப் போனார், மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்தானா என்று கேட்க.