நான்காவது வரி

பாக்கெட்டின் பின்பக்கத்து வெள்ளை லேபிள் கோணலாக விழுந்துவிட்டது. நீல்டா திக்கோனா அதன் ஓரத்தை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்தெடுக்கப் பார்த்தாள். பதினொரு மணிக்குச் சுகாதார அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அறை முழுக்க ஆப்ரிகாட் பழச்சுருள் பெட்டிகள். துருக்கியிலிருந்து கப்பலில் சிலியின் அரிக்கா துறைமுகத்துக்கு வந்து, லாரியில் எல்லை தாண்டிப் பெருவின் தாக்னா நகரம் சேர்ந்தவை. ஒவ்வொரு பாக்கெட்டின் முகப்பிலும் 'சர்க்கரை அதிகம்' என்ற கறுப்பு எண்கோணம் இருந்தாக வேண்டும். முதுகில் என்னென்ன சேர்ந்திருக்கிறது, பதிவு எண், இறக்குமதி செய்தவர் பெயர் எல்லாம் ஸ்பானிய மொழியில். போன தடவை எண்கோணம் இரண்டு மில்லிமீட்டர் சிறிதாகப் போனதற்கு மொத்தச் சரக்கையும் நாற்பது நாள் முடக்கிப் போட்டுவிட்டார்கள். அப்போது பிடித்த நெஞ்செரிச்சல் அவளை இன்னும் விடவில்லை. இந்த முறை அக்கா ரூஃபினாவும் அவளும் மூன்று நாளாக ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

லேபிள் பாதி வந்தது, பாதி கிழிந்தது. அடியில் துருக்கி எழுத்துகள் தெரிந்தன. அவளுக்கு அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனால் சுவரில் ஊசி குத்தி மாட்டியிருந்த பழைய சாம்பிள் பாக்கெட்டை ஒரு வருஷமாகப் பார்த்துப் பார்த்து அதன் உருவம் மனதில் பதிந்திருந்தது. அதில் மூன்று வரிகள். இதில் நான்கு. முகப்பின் மூலையில் புதிதாக ஒரு மஞ்சள் நட்சத்திரமும் இருந்தது. பெட்டியைப் பிரித்த அன்றைக்கு அதை அழகுக்குப் போட்டது என்று நினைத்திருந்தார்கள்.

செல்போனின் மொழிபெயர்ப்புக் கேமராவை அந்த நான்காவது வரியின் மேல் காட்டினாள். திரையில் எழுத்துகள் கலங்கி, பிறகு ஸ்பானிய மொழியில் தெளிந்தன. வேர்க்கடலை விழுது.

"அக்கா, இதைப் பாரு."

ரூஃபினா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் பார்த்தாள். "செய்முறைய மாத்திட்டானுங்க. சொல்லவே இல்ல பாரு, கடங்காரனுங்க."

"நம்ம லேபிள்ல கடலைன்னு ஒரு வார்த்தை இல்லக்கா."

"இப்ப அதுக்கு என்ன பண்ண முடியும்? ஆய்வுக்கு வர்ற அந்தம்மா ஸ்கேல் வெச்சு அளப்பா, நம்பரப் பாப்பா, கையெழுத்துப் போட்டுட்டுப் போவா. துருக்கி பாஷை படிக்கவா வர்றா? அவ போனதும் வேற லேபிள் அடிச்சு ஒட்டிக்கலாம்."

"சந்தையில தொமித்தீலாகிட்ட விக்கக் குடுத்த ரெண்டு பெட்டி?"

ரூஃபினா சட்டென்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அதப் பத்தி வாயத் திறக்காத. ஆய்வுக்கு முன்னாடியே வித்தோம்னு தெரிஞ்சா லைசென்ஸே போயிடும்."

நீல்டா கையிலிருந்த கிழிந்த துண்டைப் பார்த்தாள். 'இறக்குமதி: நீல்டா திக்கோனா'. முதல் லேபிள் அச்சாகி வந்த அன்று அதை அம்மாவின் புகைப்படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தாள். இப்போது அந்தப் பெயர் எத்தனை வீட்டுச் சமையலறையில், எத்தனை பைகளில் கிடக்கிறதோ. அவள் மேல்சட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ரூஃபினா படிக்கட்டு வரை வந்து கூப்பிட்டது காதில் விழுந்தது.

சந்தையில் தொமித்தீலா திராட்சைக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஈ விரட்டிக்கொண்டிருந்தாள். வாங்க வருபவர், சரக்குக் கொண்டு வருபவர் எல்லாருமே அவளுக்குக் 'காசேரா'தான்.

"என்ன காசேரா, இப்படி மூச்சு வாங்குது? நாய் கீய் தொரத்துச்சா?"

"சுருளையெல்லாம் திருப்பிக் குடு. அதுல கடலை கலந்திருக்கு."

"இதுக்கா இந்த ஓட்டம்? நான் தினம் ஒரு பிடி கடலை தின்றேன். பாரு, எப்படி இருக்கேன்னு." இடுப்பைத் தட்டிக்காட்டிச் சிரித்தாள். நீல்டாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "எங்க கொழுந்தன் எறா தின்னா மூஞ்சி வீங்கி மூச்சடைச்சுப் போவாரு. அந்த மாதிரியா?"

"அதேதான்."

தொமித்தீலா கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்வதில்லை. ஆனால் யார் என்ன வாங்கினார்கள் என்பது அவளுக்கு மறக்காது. ஒரு பெட்டி பிரிக்கவே இல்லை. இன்னொன்றில் ஏழு பாக்கெட் மிச்சம். ஐந்தை அரெக்கிப்பா நகரத்துக்கு ஓட்டும் பஸ் டிரைவர் ஒருவர் வழியில் தின்ன வாங்கிப்போனார், பெயர் தெரியாது. மீதிப் பன்னிரண்டும் முனைப் பள்ளிக்கூடத்து டீச்சருக்கு.

"இன்னிக்குக் கிளாஸ்ல ஏதோ பிறந்தநாளாம். காலையிலதான் எடுத்துட்டுப் போனாங்க."

இரண்டு தெருவையும் நீல்டா ஓடியே கடந்தாள். பள்ளிக்கூடக் கம்பிக் கதவை எட்டியபோது இடைவேளை தொடங்கும் மணி அடித்து முடிந்திருந்தது. காவலாளி கதவைத் திறக்கவில்லை. "பெத்தவங்கன்னா மட்டுந்தான் உள்ள, செனியோரா. அதுவும் சீட்டோட." அவள் விளக்கிச் சொல்லத் தொடங்கியபோதே போன் அடித்தது. ரூஃபினா, தணிந்த குரலில்.

"சீக்கிரமே வந்துட்டாங்க. அளந்தாச்சு, எல்லாம் சரியா இருக்காம். உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. எங்கடி இருக்க?"

நீல்டா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. ஒரு கணம் அந்த வார்த்தை எவ்வளவு இதமாக இருந்தது.

"போனை அவங்ககிட்ட குடு."

"உனக்குப் பைத்தியமா?"

"குடுக்கா."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம். பிறகு இளம்பெண் ஒருத்தியின் குரல், "சொல்லுங்க."

"ஆய்வாளரம்மா, ஏதாவது ஒரு பாக்கெட்டோட பின் லேபிளை உரிச்சுப் பாருங்க. கீழ கடலைன்னு போட்டிருக்கு. நாங்க அதைப் போடல. காலையிலதான் எனக்கே தெரிஞ்சுது. ரெண்டு பெட்டியை ஆய்வுக்கு முன்னாடியே வித்துட்டோம்."

காகிதம் கிழிபடும் ஓசை மட்டும் கேட்டது, மெதுவாக, பொறுமையாக.

"வித்தது இப்ப எங்க இருக்கு?" குரல் மாறியிருந்தது.

"கொஞ்சம் சந்தைப் பக்கத்து முனை ஸ்கூல்ல. நான் கேட்டுலதான் நிக்கிறேன். உள்ள விட மாட்டேங்கிறாங்க."

"நான் தலைமை ஆசிரியருக்குப் போன் போடறேன். உங்க விஷயத்த அப்புறம் பேசிக்கலாம். நீங்க அங்கேயே நின்னு கத்துங்க."

நீல்டா கத்தினாள். இவ்வளவு பெரிய குரல் தனக்கு உண்டென்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. "டீச்சர்! அந்தப் பழச்சுருளை யாரும் சாப்பிட வேணாம்! கடலை இருக்கு!" காவலாளி அவள் தோளைத் தொட வந்து, கடைசி வார்த்தையைக் கேட்டதும் தயங்கி, அவரே உள்ளே ஓடினார்.

முற்றத்தின் நடுவில், தலையில் காகிதத் தொப்பி வைத்திருந்த டீச்சர் திரும்பினாள். காவலாளி சொன்னதைக் கேட்டதும் தொப்பியைக் கழற்றி, அதையே பையாகப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளிடையே போனாள். கடித்தது, கடிக்காதது, உறை பிரிக்காதது எல்லாம் அதற்குள் விழுந்தன. ஒரு பையன் அழுதான்.

"சாப்பிட்டவங்கல்லாம் கையத் தூக்குங்க."

ஒவ்வொன்றாகக் கைகள் உயர்ந்தன, வெயிலில் பிசுபிசுத்த ஆரஞ்சு விரல்களோடு. நீல்டா எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டாள். சுவரோரம் ஒரு சிறுமி மட்டும் கையைத் தூக்கவில்லை. தலையைச் சாய்த்து, கம்பளிக் காலருக்குள் அதே ஆரஞ்சு பிசுபிசுத்த விரலை விட்டு, கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தாள்.