கரடிக்கு ஒரு முகம் வேண்டும்

படம் வரையும்போது அவள் முகம் அவள் பேச்சைக் கேட்காது. கோபக்கார நரியை வரைந்தால் புருவம் தானாக நெரியும். கொட்டாவி விடும் யானையை வரைந்தால் அவளும் விடுவாள், பார்த்துப் பார்த்து வீடே விடும். மேசையில் ஒரு கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, தன் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மிருகத்துக்கு ஏற்றிவிடுவாள். மாமியார் அறையை எட்டிப் பார்த்தாலே போதும், இன்றைக்குப் புத்தகத்தில் என்ன மிருகம், அதற்கு என்ன கஷ்டம் என்று சொல்லிவிடுவார்.

ஒரு வாரமாக அந்த முகத்தில் ஒன்றுமே ஓடவில்லை. கையில் இருந்தது சிறுவர் கதை ஒன்று. அதில் ஒரு கரடி பாடும், காடே கைதட்டும். எல்லாரும் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டுதான் தட்டினார்கள் என்பது கடைசிக்கு முந்தின பக்கத்தில்தான் கரடிக்குத் தெரியவரும். அந்தப் பக்கத்து முகத்தைப் பதிப்பகத்து அம்மா இரண்டு முறை திருப்பிவிட்டார். முதல் கரடிக்குப் பல்வலியாம். இரண்டாவது கரடி பஸ்ஸைத் தவறவிட்டதாம். வெள்ளிக்கிழமைக்குள் சரியாக வராவிட்டால் புத்தகம் வேறு ஓவியருக்குப் போய்விடும். அவளுக்கோ இதுதான் முதல் முழுப் புத்தகம். அதுவரை வரைந்ததெல்லாம் பிஸ்கட் டப்பாவும் காலண்டர் பூனையும்தான்.

கம்ப்யூட்டரில் வரைந்தால் அழித்து அழித்துத் திருத்தலாமே என்று புருஷன் யோசனை சொன்னான். யோசனை சொல்வதில் அவன் வள்ளல். அவளுக்கு அது சரிப்படாது. அழிக்கலாம் என்று தெரிந்துவிட்டால் அவள் கை முடிவே எடுக்காது. தடித்த தாளை நனைத்து, நாலு ஓரமும் பசை நாடாவால் பலகையில் ஒட்டி, அது மேளத்தோல் மாதிரி விறைத்துக் காய்ந்த பிறகு, மை தொட்ட பேனாவால் ஒரே மூச்சில் கோடு போட வேண்டும். அப்புறம் நீர்வண்ணம். பிசகினால் தாள் குப்பைக்கு. அந்தப் பயம் இருந்தால்தான் அவளுக்குக் கோடே உயிரோடு வரும்.

புருஷனை உட்காரவைத்துச் சோகப்படச் சொன்னாள். வராத தும்மலுக்குக் காத்திருப்பவன் மாதிரி இருந்தான். மாமியாரோ, கரடி வேண்டுமென்றால் காட்டுக்குப் போய்ப் பார் என்று முடித்துவிட்டார்.

மிச்சம் இருந்தவர் மாமனார். தினம் சாயங்காலம் மருமகளோடு சதுரங்கம் ஆடுவார், தினம் ஜெயிப்பார், ஜெயித்த கதையை ராத்திரிச் சாப்பாடு முடிகிறவரை சொல்வார். உண்மையில் அவள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்குத் தேவை ஒரு தோற்ற முகம். வேறு வழியில்லை, மாமனாரை ஜெயித்தே ஆகவேண்டும்.

வியாழக்கிழமை சாயங்காலம் மடியில் தாளையும் பென்சிலையும் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காப்பி ஆறுவதற்குள் அவருடைய ராஜாவை மூலையில் முடக்கிவிட்டாள்.

மாமனார் பலகையைப் பார்த்தார். தலைகீழாக எட்டிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். சோகம் மருந்துக்கும் இல்லை. தான் கற்றுக்கொடுத்த ஆட்டம் வீண்போகவில்லை என்று அவளுக்கே கைகொடுத்தார். அவளுக்கு வந்ததே எரிச்சல்.

"நீங்க கத்துக்குடுக்கல மாமா. எனக்கு முன்னாடியே ஆடத் தெரியும்."

"அப்ப இத்தனை நாள் ஏம்மா தோத்தே?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பதில் வாசற்படியில் நின்றிருந்த மாமியாரிடமிருந்து வந்தது.

"விட்டுக்குடுத்திருக்கா, வேற என்ன. அவளாவது நேத்து வந்தவ. நான் கல்யாணம் ஆனதுலேருந்து விட்டுக்குடுக்கறேன், வாயத் தொறந்தேனா?"

மாமனாரின் சிரிப்பு உதட்டில் அப்படியே நின்றது. ஆள் வெளியே போன வீட்டில் எரிகிற விளக்கு மாதிரி நின்றது. கண் மட்டும் பலகைக்குத் தாழ்ந்தது. ஒரு காயை எடுத்து, இருந்த கட்டத்திலேயே திரும்ப வைத்தார். காது மெல்லச் சிவந்தது.

இதுதான் கரடி.

பென்சிலை எடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. இந்த மனுஷரை நோகடித்துவிட்டு அதைப் படமும் பிடிப்பதா? மன்னிப்புக் கேட்கலாம் என்று நிமிர்ந்தாள். அவரும் நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அவளையே உற்றுப் பார்த்தார்.

"என் மூஞ்சிய நீ ஏம்மா வச்சிருக்கே?"

அவள் உதடும் பாதிச் சிரிப்பில் நின்றிருந்தது, கண் தாழ்ந்திருந்தது. கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டாள். கரடி, பஞ்சு, வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் தலை குனிந்து ஒப்பித்தாள். மாமனார் மூலையில் முடங்கிய ராஜாவை எடுத்து நடுவில் வைத்தார்.

"அந்தக் கரடி அப்புறம் பாடுமா, பாடாதா?"

"பாடும் மாமா. எல்லாரும் பஞ்ச எடுத்துட்டுக் கேப்பாங்க."

"அப்ப வரை. சீக்கிரம் வரை, எனக்குச் சிரிப்பு வந்துடும் போலிருக்கு."

மாமியார் அவர் பின்னால் நின்று, பிறந்ததிலிருந்து முதல் முறையாக உருப்படியான ஒரு வேலை செய்கிறார், அசையாமல் செய்யட்டும் என்று மேற்பார்வை பார்த்தார்.

மறுநாள் காலையில் மைக்கோடு ஒரே மூச்சில் விழுந்தது. வண்ணம் காய்ந்ததும் போனில் படமெடுத்துப் பதிப்பகத்துக்கு அனுப்பினாள். மத்தியானம் பதிப்பகத்து அம்மாவே போன் செய்தார். இதுதான் கரடி, புத்தகம் உனக்குத்தான், இந்த முகத்தை எங்கே பிடித்தாய் என்று கேட்டார். அவள் போனைப் பொத்திக்கொண்டு மாமனாரைப் பார்த்தாள்.

"மாமனார்னு தாராளமா சொல்லிக்கோ," என்றார் அவர், சதுரங்கப் பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தோத்தத மட்டும் சொல்லாதே."

எதிரே உட்கார்ந்திருந்த மாமியார், அவருடைய ராணியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார்.