ஏரிக்குப் போன நாள்

இரண்டாவது கம்பளியையும் உதறி மாயக்காள் புருஷனின் மேல் போர்த்தினாள். வெளியே அக்கினி நட்சத்திர வெயில். விளாங்குடியின் அந்த ஓட்டு வீட்டுக்குள் காற்றாடி சூட்டைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. நல்லகாமனுக்குக் குளிரில் பல் கிட்டியது.

"தேங்க் யூ, மேடம்" என்றார்.

இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வந்ததிலிருந்து அவர் அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டார். முதலில் அவளுக்குப் பயமாக இருந்தது. பிறகு புரிந்தது. அவர் சீமையில் இருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தங்கியிருந்த வீட்டில், அந்த வீட்டுக்காரம்மாவோடு பேசிக்கொண்டிருந்தார். இன்று காலையிலிருந்து இங்கிலீஷ் வற்றித் தமிழ் வந்துவிட்டது. ஆள் மட்டும் இன்னும் அங்கேயே இருந்தார்.

"ராத்திரி மணி பத்தாகப் போகுது. இன்னும் வெளிச்சம் போகலையே."

ஜன்னலில் பட்டப்பகல் எரிந்தது. அவள் ஜன்னல் கதவைச் சாத்தினாள்.

அவர் சுவரோரமாக ஒதுங்கிப் படுத்திருந்தார். நடுவில் இழுத்துப் படுக்கவைத்தாலும் கொஞ்ச நேரத்தில் நகர்ந்து போய்விடுவார், பக்கத்தில் யாருக்கோ இடம் விடுவதுபோல. காலியாகக் கிடந்த அந்தப் பாதிக் கட்டிலில் மாயக்காளும் உட்காரவில்லை. தரையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

அவருடைய அண்ணன் சோணை வாசல்நிலையில் சாய்ந்து நின்றார். தகப்பன் இல்லாத தம்பியை உழுது படிக்கவைத்தவர். ஹைஸ்கூல் வாத்தியார்களைக் கோடையில் சீமைக்கு அனுப்பிப் படிக்கவைக்கும் ஸ்காலர்ஷிப்பில், பூகோள வாத்தியார் நல்லகாமனின் பெயர் வந்த அன்று, கீழக்குயில்குடியில் வீடு வீடாகப் போய்ச் சொன்னவர் அவர்தான். ஜங்ஷனில் வண்டி கிளம்பும்போது ஜன்னல் வழியாகத் தம்பி மகள் முத்துத்தாயைத் தூக்கிக் காட்டினார். பிள்ளைக்கு ஐந்து வயது. தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை.

நல்லகாமன் போய் ஒரு மாதம் ஆவதற்குள் பிள்ளைக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் உயிர் நிற்கவில்லை. சமணர் மலைக்குக் கீழே, கண்மாய்க் கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள்.

"அவுகளுக்குத் தந்தி குடுங்க மச்சான்" என்றாள் மாயக்காள்.

"குடுத்தா பறந்தா வந்துருவான்? வந்தாலும் மண்ணைத்தான பாப்பான்? அம்புட்டுத் தூரத்துல ஒத்தையில கெடந்து என்னத்தா செய்வான்? படிப்பு முடியட்டும்."

அவள் அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். பிறகு கேட்கவில்லை. சீமையிலிருந்து பிள்ளை பெயருக்குப் படம் போட்ட கார்டுகள் வந்துகொண்டே இருந்தன. பள்ளிக்கூடம் திறந்து வெகுநாள் கழித்து அவரும் வந்தார். ஜங்ஷனில் இறங்கியதும் அவளைப் பார்க்கவில்லை. அவள் இடுப்புக்குக் கீழே, சேலைக்குப் பின்னால் பார்த்தார்.

அண்ணனிடம் அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கண்மாய்க் கரையில் நின்றுவிட்டு வந்து அவளிடம்தான் கேட்டார்.

"என்னைக்கி?"

சொன்னாள். அவர் விரலை மடக்கிப் பார்த்தார்.

"அன்னைக்கி எங்களையெல்லாம் ஒரு ஏரிக்குக் கூட்டிட்டுப் போனாக. படகுல ஆளுக்கொரு பாட்டுப் பாடுனோம். என்னையும் பாடச் சொன்னாக. பாடுனேன்."

சீமையைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். ஆண்டுவிழாவில் பேசச் சொல்லித் தலைமையாசிரியர் வந்து கேட்டபோது, "எல்லாம் மறந்துபோச்சு சார்" என்று கும்பிட்டார். ஆனால் சில நாள் குளிக்கும்போது தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் அவர் வாய்க்குள் ஏதோ ராகம் ஓடும். சட்டென்று நிற்கும். அதற்குப் பிறகு வெகுநேரம் வாளிச் சத்தமே கேட்காது. மாயக்காள் அடுப்படியில் அது கேட்கும்வரை நிற்பாள்.

"மேடம்."

எழுந்து கட்டிலின் மேல் குனிந்தாள்.

"நாளைக்கி ஏரிக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். நான் போகலை."

"ஏன்?"

"மனசு என்னமோ பண்ணுது. ஊர்லருந்து எனக்குத் தந்தி எதும் வந்துச்சா?"

வாசல்நிலையில் சோணை நிமிர்ந்தார். மாயக்காள் திரும்பிப் பார்த்தாள். அவர் வேண்டாமென்று வேகமாகத் தலையை ஆட்டினார்.

"இல்லைன்னு சொல்லிரு ஆத்தா. நிம்மதியாப் போகட்டும்."

அவள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பதிலுக்காக அந்தக் கண்கள் காத்திருந்தன.

"வந்துச்சு" என்றாள்.

"மாயக்கா..." என்றார் சோணை.

"என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார் நல்லகாமன்.

"பிள்ளைக்கு ஒடம்பு சரியில்லையாம். ஒங்களைத் தேடுதாம். ஒடனே கிளம்பி வரச் சொல்லியிருக்கு."

நல்லகாமனின் கை கம்பளிகளைத் தள்ளியது. எழுந்துகொள்ள முடியவில்லை. கழுத்து மட்டும் தலையணையிலிருந்து மேலே வந்தது.

"அப்பப் போறேன் மேடம். படிப்புக் கெடக்கு. சட்டை எங்க?"

கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து, முதுகுக்குக் கீழே கைகொடுத்துத் தூக்கி, ஒவ்வொரு கையாக மாட்டினாள். பொத்தான்களைப் போட்டாள். அவர் குழந்தையைப்போல மோவாயைத் தூக்கிக் காட்டினார்.

"கப்பல்ல போனா ரொம்ப நாளாகுமே?"

"ஏரோப்ளேன்லதான் போறீக."

"அப்ப நாளைக்கே பாத்துருவேன்."

"பாத்துருவீக."

அவர் சிரித்தார். அவள் கை அவர் கைக்குள் இருந்தது. மூச்சு நீளமாக இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது. வெயில் தாழத் தொடங்கியபோது நின்றுவிட்டது.

மாயக்காள் அழுகையைத் தொடங்குவதற்கு முன் அவர் கண்களை மூடிவிட்டாள். திரும்பியபோது வாசல்நிலையில் சோணை இல்லை.

பக்கத்து வீட்டு ராக்கம்மாளும் தெருப் பெண்களும் ஓடிவந்தார்கள். கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுகை தணிந்த ஒரு நேரத்தில் யாரோ கேட்டார்கள்.

"சட்டையைக் கழத்திக் குளிப்பாட்டணுமே?"

"கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள்.

வானம் திடீரென்று இருட்டிக்கொண்டு வந்து, பெரிய பெரிய துளிகளாகக் கோடைமழை பிடித்தது. வாசலில் பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த ஆட்கள் கயிற்றைப் போட்டுவிட்டு எதிர்வீட்டு இறவாரத்துக்கு ஓடினார்கள். சோணை மட்டும் ஓடவில்லை. ஒரு மூங்கிலின் நுனியைப் பிடித்துக்கொண்டு மழைக்குள்ளேயே நின்றார்.

"அண்ணே, உள்ள வாங்க! நனையாதீங்க!" என்று எதிர்வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அவருக்குக் கேட்டதாகத் தெரியவில்லை.

மாயக்காள் எழுந்தாள். கொடியில் காய்ந்து கிடந்த துண்டை உருவினாள். வாசல்படிக்கு வந்து, சாரல் படாத இடமாகப் பார்த்து, அதை மடித்து வைத்தாள். பிறகு உள்ளே வந்து, கட்டிலின் காலடியில் உட்கார்ந்துகொண்டாள்.